வைகை முடியும் இடத்தில் ஒரு குடும்பம்: கடல்குதிரையும் குழல்மீனும்

தேனி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான் தெரியும். ஒரு பக்கம் குமுளி மலை, ஒரு பக்கம் மேகமலை, வடக்கே போடி மலை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல்குதிரை என்றால் பாடப் புத்தகத்தில் வரும் ஒரு படம், அவ்வளவுதான். குழல்மீன் என்ற பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ஆறு எங்கே போய் முடிகிறது? 'வைகை கடலில் கலக்காது' என்று சொல்லும் வழக்கம் மதுரைப் பக்கம் உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் அது உண்மைதான். வழியில் இருக்கும் கண்மாய்களும், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் தண்ணீரை வாங்கிக்கொள்கின்றன. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, தேனிக்கு அருகே வைகையோடு சேர்கிறது. 1959-ல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணையும் வந்துவிட்டது. இத்தனையையும் தாண்டி, நல்ல மழைக் காலத்தில் வெள்ளம் வந்தால் மட்டும் வைகை தன் 258 கிலோமீட்டர் பயணத்தை முடித்து, ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. ஊரின் பெயரே ஆற்றங்கரை!

அந்தக் கடலின் பெயர் பாக் விரிகுடா. இந்தியாவில் கடல்குதிரைகளும் அவற்றின் சொந்தக்காரர்களான குழல்மீன்களும் அதிகமாக வாழும் இடங்களில் அது முக்கியமானது. ஆக, தேனியின் ஆறு போய்ச் சேரும் வாசலில்தான் இந்தக் குடும்பம் குடியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக் காலத் தவறு ஒன்று, ஒரு பெரிய வியாபாரம், ஒரு சட்டம், அந்தச் சட்டத்தில் இருந்த ஒரே ஒரு சொல் என்று இந்தக் குடும்பத்தின் வரலாறு சுவையானது.

இரண்டும் மீன்தானா?

கடல்குதிரையைப் பார்த்தால் மீன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குதிரைத் தலை, குரங்கு வால், நிமிர்ந்த உடம்பு. செதில் கிடையாது. தோலுக்கு அடியில் எலும்பு வளையங்கள் அடுக்கி வைத்தது போல இருக்கும். ஆனால் செவுளால் மூச்சு விடுகிறது, முதுகில் உள்ள சிறு துடுப்பை விசிறி போல அசைத்து நீந்துகிறது. சந்தேகமே இல்லாமல் அது மீன்தான்.

குழல்மீன் என்பது கிட்டத்தட்ட நீட்டி நிமிர்த்திய கடல்குதிரை. புல்லாங்குழல் போன்ற நீண்ட மூக்கு, குச்சி போன்ற உடம்பு, அதே எலும்பு வளையங்கள். கடற்புல்லுக்கு நடுவே அசையாமல் நின்றால் எது புல், எது மீன் என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டும் 'சிங்னாதிடே' என்ற ஒரே குடும்பம். கிரேக்க மொழியில் இதற்கு 'சேர்ந்து ஒட்டிய தாடை' என்று பொருள். தாடைகள் ஒட்டிக் குழலாகிவிட்டதால் இவற்றால் கடிக்க முடியாது. பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. மிதந்து வரும் நுண்ணிய இறால் போன்ற உயிர்களை, ஸ்ட்ராவால் இளநீர் உறிஞ்சுவது போலச் சட்டென்று உறிஞ்சி விழுங்கும். சாப்பிட்டது வயிற்றில் தங்காததால் நாள் முழுவதும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் சுமார் 300 இனங்கள் இருக்கின்றன. அதில் கடல்குதிரைகள் ஐம்பதுக்குள்தான். மீதியில் பெரும்பான்மை குழல்மீன்கள். சரியாகச் சொன்னால், குழல்மீன்களின் பெரிய குடும்பத்தில் கடல்குதிரை ஒரு சின்னக் கிளை. பேரும் புகழும் மட்டும் அந்தச் சின்னக் கிளைக்குப் போய்விட்டது!

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குழல்மீன்களில் சில இனங்கள் ஆற்று நீரிலும் வாழும். கடல்குதிரை எதுவும் நன்னீரில் வாழ்வதில்லை.

பிள்ளை பெறுவது யார்?

இந்தக் குடும்பத்தில் கருவைச் சுமப்பது ஆண். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த இந்தச் செய்தியைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கிறிஸ்து பிறப்பதற்கு முன்பு நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் குழல்மீனைக் கவனமாகப் பார்த்திருக்கிறார். விலங்குகளைப் பற்றிய தன் நூலில், முட்டை வெளிவரும் காலத்தில் இந்த மீனின் வயிறு பிளந்துகொள்கிறது என்றும், வயிற்றுக்கு அடியில் ஒரு பிளவு இருக்கிறது என்றும், வேலை முடிந்ததும் அது மறுபடி மூடிக்கொள்வதால் மீன் சாவதில்லை என்றும் எழுதினார். குஞ்சுகள் அதைச் சுற்றி மொய்ப்பதையும் குறித்து வைத்தார். அவர் கண்ணில் பட்டது அத்தனையும் உண்மை. ஒரு விஷயத்தில்தான் தவறினார். அது பெண் மீன் என்று நினைத்துவிட்டார்.

அதை அவர் தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வயிற்றில் பிள்ளையோடு ஓர் உயிரைப் பார்த்தால் அது தாய் என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்த எண்ணம் அவ்வளவு உறுதியாக இருந்ததால், அவருக்குப் பின் வந்தவர்களும் மீனை அறுத்துப் பார்த்துச் சரிபார்க்கவில்லை.

1831-ல்தான் ஸ்வீடன் நாட்டுப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான எக்ஸ்ட்ரோம், தன் ஊர்க் கடலோரத்துக் குழல்மீன்களில் முட்டையைச் சுமப்பது ஆண் என்று எழுதினார். பெண் மீன் தன் முட்டைகளை ஆணிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஆண் அவற்றைக் கருவுறச் செய்து, தன் வயிற்றில் அல்லது வாலுக்கு அடியில் வைத்து வளர்க்கிறது. 1871-ல் டார்வின் மனிதனின் தோற்றம் பற்றிய தன் நூலில் இந்த மீன்களையும் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அதற்குள் அறிவியல் உலகம் இதை ஏற்றுக்கொண்டிருந்தது.

கடல்குதிரைத் தந்தை முட்டைகளைச் சும்மா தூக்கிக்கொண்டு அலைவதில்லை. பைக்குள் இருக்கும் கருவுக்கு ஆக்சிஜன் கிடைக்க வேண்டும். உப்பின் அளவு சரியாக இருக்க வேண்டும். இவற்றைத் தந்தையின் உடம்பே பார்த்துக்கொள்கிறது, ஊட்டமும் தருகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பிறகு, உடம்பை முன்னும் பின்னும் வளைத்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது. பிறந்த நிமிடம் முதல் குஞ்சுகள் தனியாகத்தான் பிழைத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை வளர்வதற்குள் வேறு மீன்களுக்கு இரையாகிவிடும்.

பாய், மடிப்பு, பை

குழல்மீனும் கடல்குதிரையும் எப்படி உறவு என்று காட்டும் மிக நல்ல சான்று அந்த வயிறுதான். சில குழல்மீன்களில் முட்டைகள் ஆணின் வயிற்றுக்கு அடியில் பாய் விரித்தது போலத் திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு சில இனங்களில் இரு பக்கத் தோலும் மடிந்து வந்து முட்டைகளை மூடும். கடல்குதிரையில் அதுவே முழுவதும் மூடிய பையாகி, மேலே சிறு வாய் மட்டும் இருக்கும். ஒரே குடும்பத்துக்குள் திறந்த பாய் முதல் மூடிய பை வரை எல்லாப் படிகளையும் இன்றும் உயிரோடு பார்க்கலாம்.

பாக் விரிகுடாவிலேயே இந்த இரண்டு எல்லைகளும் இருக்கின்றன. அங்குள்ள கடற்புல்லில் வாழும் குழல்மீன்களில் ஒன்றை 'முதலைக் குழல்மீன்' என்று சொல்லலாம். 1785-ல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் பெயர் வைத்த இனம் இது. அதன் ஆண், முட்டைகளைத் திறந்த வயிற்றில் ஒட்டிக்கொண்டு திரியும். ஆனால் வால் மட்டும் கடல்குதிரையைப் போலவே புல்லைச் சுற்றிப் பிடிக்கும். வால் துடுப்பு கிடையாது. உடம்பு குழல்மீன், வால் கடல்குதிரை! அதே புல்லில் பக்கத்திலேயே மூடிய பையோடு கடல்குதிரை தொங்கிக்கொண்டிருக்கும்.

பெயர் வைத்த கதை

இந்த உறவு பெயர் வைத்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ், 1758-ல் கடல்குதிரையைத் தனிப் பேரினமாகப் பிரிக்காமல், குழல்மீன்களின் பேரினமான 'சிங்னாதஸ்' உள்ளேயே சேர்த்தார். அதாவது அவர் கணக்கில் கடல்குதிரை என்பது வளைந்த குழல்மீன்தான். 1810-ல் ரஃபினெஸ்க் என்பவர்தான் 'ஹிப்போகேம்பஸ்' என்று அதற்குத் தனிப் பேரினம் அமைத்தார். கிரேக்கக் கதைகளில் கடல் தெய்வத்தின் தேரை இழுக்கும் பாதிக் குதிரை, பாதி மீன் உடம்பு கொண்ட விலங்கின் பெயர் அது. நம் மூளையில் நினைவாற்றலுக்கு முக்கியமான ஒரு பகுதிக்கும் இதே பெயர்தான். 1587-ல் இத்தாலிய மருத்துவர் அரன்சி, அந்தப் பகுதியின் வளைவு கடல்குதிரை போல இருக்கிறது என்று பெயர் சூட்டினார்.

இந்தியக் குழல்மீன்கள் அறிவியல் ஏட்டில் ஏறியது 1822-ல். கங்கை ஆற்று மீன்களைப் பற்றி நூல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் கிடைத்த சில குழல்மீன்களை அதில் விவரித்தார். உள்ளூர் மக்கள் சொன்ன பெயரையே இனப் பெயராக்கும் நல்ல வழக்கம் அவருக்கு உண்டு. பிறகு சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் கடல்குதிரைகளையும் குழல்மீன்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். செவுள் கொத்துக் கொத்தாக இருப்பது இரண்டுக்கும் பொது என்பது அன்றைய அறிஞர்கள் கண்ட முக்கியமான அடையாளம்.

நம் கடலில் காணப்படும் ஒரு கடல்குதிரைக்கு 1852-ல் டச்சு அறிஞர் பிளீக்கர் வைத்த பெயர் 'ஹிப்போகேம்பஸ் குடா'. மலாய் மொழியில் 'குடா' என்றால் குதிரை. சொல்லிப் பாருங்கள், தமிழ்க் குதிரைக்குக் கொஞ்சம் பக்கத்தில்தான் ஒலிக்கிறது!

குழல் எப்போது குதிரை ஆனது?

இந்தக் கேள்விக்கு விடை கடந்த இருபது ஆண்டுகளுக்குள்தான் ஓரளவு தெளிவானது. கடல்குதிரைகளின் மரபணுக்களை அவற்றின் நெருங்கிய உறவான குட்டிக் குழல்குதிரைகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. இரண்டும் பிரிந்தது சுமார் 2 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று அது கணக்கிட்டது. இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் இடைப்பட்ட பகுதியில் ஆழமில்லாத கடல்களும் கடற்புல் வெளிகளும் பரவிய காலம் அது. செங்குத்தாக வளரும் புல்லுக்கு நடுவே, நிமிர்ந்து நிற்கும் மீன் எளிதில் மறைந்துகொள்ளும். ஆக, குதிரையை நிமிர்த்தியது புல்.

கழுத்து ஏன் வளைந்தது? 2011-ல் வந்த ஓர் ஆய்வு அதற்கும் விடை சொன்னது. வளைந்த கழுத்து இருந்தால், இருந்த இடத்தை விட்டு நகராமலே தலையைச் சற்றுத் தூரம் எறிந்து இரையைப் பிடிக்க முடியும். நீந்தித் துரத்துவது குழல்மீன் வழி. வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது கடல்குதிரை வழி.

ஸ்லோவேனியா நாட்டில் கிடைத்த சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டுப் பழமையான புதைபடிவங்களில் கடல்குதிரை கிட்டத்தட்ட இன்றைய உருவத்திலேயே இருக்கிறது. 2016-ல் ஒரு கடல்குதிரையின் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது. மற்ற மீன்களுக்கு இருக்கும் இடுப்புத் துடுப்பு இவற்றுக்கு இல்லை. அந்தத் துடுப்பு வளர உதவும் மரபணு ஒன்றே காணாமல் போயிருந்தது. அதே இழப்பு குழல்மீனிலும் இருக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

புல்தான் வீடு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அடுத்து வரும் கதை முழுவதும் அந்தப் புல்லில்தான் நடக்கிறது.

பாக் விரிகுடாவில் நடந்தது

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதியில் பத்து, பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. வெயில் தரையைத் தொடுவதால் கடற்புல் வயல் போல விளைகிறது. தொண்டி, முள்ளிமுனை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், மண்டபம் என்று நீளும் கரையோர மக்கள், கடல்குதிரையைப் பல தலைமுறைகளாக அறிவார்கள். குழந்தைகளின் கக்குவான் இருமலுக்கு அதைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கும் நாட்டு வைத்தியம்கூட உண்டு. ஆனால் அது ஒன்றிரண்டுக்கு மேல் தேவைப்படாத வைத்தியம். வலையில் வந்ததைத் திரும்ப வீசுவதே அதிகம்.

1990-களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. சீன மருத்துவத்தில் காய்ந்த கடல்குதிரைக்கு 'கடல் குதிரை' என்றே பெயர். குழல்மீனுக்குப் பெயர் 'கடல் நாகம்', அதாவது டிராகன். பாக் விரிகுடாவில் வாழும் முதலைக் குழல்மீனும் அந்த மருந்துப் பட்டியலில் உண்டு. சீனாவில் மக்கள் கையில் பணம் புழங்கத் தொடங்கியதும் தேவை பெருகியது. சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக அந்தத் தேவை தமிழகக் கரைக்கும் வந்து சேர்ந்தது. கடல்குதிரை பெருமளவில் பிடிக்கப்பட்டது. அன்று அது தவறாகத் தெரியவில்லை. ஏழை மீனவர்களுக்கு ஒரு புதிய வருமானம், நாட்டுக்கு அந்நியச் செலாவணி!

சங்கு குளிப்பவர்களும் கடல் அட்டை எடுப்பவர்களும் முங்கும்போது கடல்குதிரையையும் கையோடு எடுத்தார்கள். பாய்மர வள்ளத்தில் காற்றின் வேகத்தில் புல்வெளி மேல் இழுக்கும் தள்ளுமடியிலும் அவை சிக்கின. 1960-களுக்குப் பிறகு பெருகிய விசைப்படகுகளின் இழுவை மடியோ தரையையே வாரிக்கொண்டு வந்தது. காய்ந்த கடல்குதிரை ஒரு கிலோவுக்கு முந்நூறு, நானூறு நிற்கும். ஒரு டன் என்றால் மூன்று, நான்கு லட்சம் உயிர்கள். தமிழகக் கரையிலிருந்து இப்படி ஆண்டுதோறும் டன் கணக்கில் போயின.

1996-ல் அமண்டா வின்சென்ட் என்ற ஆய்வாளர் உலகக் கடல்குதிரை வியாபாரத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆண்டுக்குக் குறைந்தது 2 கோடி கடல்குதிரைகள் விற்கப்படுகின்றன என்று அது மதிப்பிட்டது. பெரிய ஏற்றுமதி நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. பெரும்பாலான கடல்குதிரைகள் ஒரு பருவம் முழுவதும் ஒரே துணையோடு வாழ்பவை. ஓர் இடத்தை விட்டு அதிகம் நகராதவை. துணையை வலை கொண்டுபோய்விட்டால் மற்றது இனம் பெருக்க நாளாகும். கருவைச் சுமக்கும் ஆண் ஒன்று பிடிபட்டால், பைக்குள் இருக்கும் அத்தனையும் போயிற்று.

ஒரு சொல்

2001 ஜூலை 11 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பல கடல் உயிர்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை! பிடித்தால் சிறை. பின்னாளில் வந்த திருத்தத்தின்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு.

அந்த அட்டவணையில் கடல்குதிரை என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எல்லா சிங்னாதிட்களும்' என்ற பொருளில் குறித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் ஓர் எழுத்துப் பிழைகூட இருந்தது. ஆனால் 'எல்லா' என்ற ஒரு சொல்தான் வேலை செய்தது. குடும்பம் முழுவதும் உள்ளே வந்துவிட்டது. யாரும் கேட்காமலே, யாரும் போராடாமலே, குழல்மீன்களும் புலியின் வரிசையில் நின்றன. படத்தில் வருவது கடல்குதிரை, பரிதாபத்தைச் சம்பாதித்தது கடல்குதிரை. அந்தப் பாதுகாப்பு மட்டும் சொந்தக்காரர்களுக்கும் கிடைத்தது.

உலக அளவில் அப்படி நடக்கவில்லை. 2002 நவம்பரில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, கடல்குதிரைப் பேரினத்தை மட்டும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தது. 2004 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. குழல்மீன்கள் அதில் இல்லை. லின்னேயஸ் 1758-ல் எழுதியபடியே இரண்டும் ஒரே பேரினமாக நீடித்திருந்தால், அந்த மாநாட்டில் குழல்மீனும் சேர்ந்தே உள்ளே போயிருக்கும். 1810-ல் ஒருவர் பிரித்து வைத்த பெயர், இரு நூற்றாண்டு கழித்து ஒரு மீனின் தலையெழுத்தை மாற்றியது. வகைப்பாட்டியல் வெறும் மனப்பாடப் பாடம் என்று யார் சொன்னது?

தடைக்குப் பிறகு

அறிவிக்கை வந்த உடனே கடற்கரையில் எதிர்ப்புக் கிளம்பியது. ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் தடை செய்திருந்த அரசு, அதே ஆண்டு டிசம்பரில் அதைச் சில இனங்களுக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டது. கடல்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் நம்பி இருந்தவர்கள் பாக் விரிகுடாவின் சிறு மீனவர்கள். நேற்று வரை வருமானமாக இருந்தது இன்று குற்றமாகிவிட்டது. இடையில் மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யப்படவில்லை என்பது அவர்களின் குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சரி, கடல்குதிரைகளாவது பிழைத்தனவா? 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, தடை வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆன பிறகும் இந்தியக் கடலில் ஆண்டுதோறும் பல லட்சக்கணக்கில் கடல்குதிரைகள் பிடிபடுகின்றன என்று மதிப்பிட்டது. யாரும் அவற்றைத் தேடிப் போவதால் அல்ல. இறாலுக்கும் மற்ற மீனுக்கும் இழுக்கும் மடியில் அவையும் சேர்ந்து வருகின்றன. மேலே வரும்போதே பெரும்பாலும் குற்றுயிர். செத்ததைக் கடலில் வீசினால் யாருக்கும் பயனில்லை, காய வைத்து விற்றால் கள்ளச் சந்தையில் காசு. விமான நிலையங்களில் பெட்டி பெட்டியாகப் பிடிபடும் செய்திகள் அவ்வப்போது வருவது இதனால்தான்.

இங்கேதான் சட்டத்தின் எல்லை தெரிகிறது. மனிதன் கை நீட்டி எடுப்பதைச் சட்டம் தடுக்கும். வலையின் கண்ணுக்குச் சட்டம் தெரியாது. ஒரு கிலோ கடல்குதிரை வைத்திருந்த சிறு மீனவர் சிறைக்குப் போகலாம். புல்வெளியையே பெயர்த்துக்கொண்டு போகும் இழுவை மடி மறுநாளும் கடலுக்குப் போகும். புல் போனால் கடல்குதிரைக்கு முன்னே குழல்மீன் போகும், இரண்டுக்கும் முன்னே குஞ்சுகள் போகும். 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரைக்கு அருகே குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. புல் அதிகம் இருப்பதும் அந்தக் கரையோரத்தில்தான். அந்த ஒரு விதியை ஒழுங்காகக் காப்பாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது சிறு மீனவர்கள் நீண்ட நாளாகச் சொல்லிவருவது.

2022-ல் வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணைகள் புதிதாக மாற்றி எழுதப்பட்டன. கடல்குதிரைக்கான பாதுகாப்பு தொடர்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில், பாக் விரிகுடாவின் வடபகுதியில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேய்வது அதே கடற்புல்லைத்தான். 2001-ல் குழல்மீன் கடல்குதிரையின் பெயரால் பாதுகாப்புப் பெற்றது. 2022-ல் அந்தப் பகுதியின் கடல்குதிரையும் குழல்மீனும் கடற்பசுவின் பெயரால் தங்கள் வீட்டுக்குப் பாதுகாப்புப் பெற்றன. இந்த முறை பாதுகாக்கப்பட்டது விலங்கு மட்டும் அல்ல, புல்லும்தான். அதுதான் சரியான பாதை.

மறுபடியும் தேனிக்கு

கடற்புல் வளர வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போக வேண்டுமானால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். நிலத்திலிருந்து வரும் சேறும், உரமும், சாக்கடையும் அதிகமானால் தண்ணீர் கலங்கும், பாசி பெருகும், புல் மூச்சு முட்டும். மலைக் காடு இருந்தால் மண் அரிக்காது. 2021-ல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம், வைகை பிறக்கும் காட்டையும் காக்கிறது. ஆற்றின் தலையில் புலி, ஆற்றின் காலில் கடல்குதிரை. இரண்டும் சட்டத்தின் காவலில். நடுவில் 258 கிலோமீட்டருக்கு இருப்பது மனிதர்கள்.

அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து இந்த மீன்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் ஒன்றை மட்டும் பார்த்தார்கள், அதன் பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டார்கள். வயிற்றைப் பார்த்தவர்கள் அது ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. கடல்குதிரையைப் பார்த்தவர்கள் குழல்மீனைப் பார்க்கவில்லை. மீனைக் காத்தவர்கள் புல்லைக் காக்க இருபது ஆண்டுகள் ஆயின. புல்லைப் பார்ப்பவர்கள் ஆற்றையும் பார்க்கத் தொடங்கினால், கடலே இல்லாத தேனிக்கும் இந்தக் குடும்பத்தின் கதையில் ஒரு பங்கு இருப்பது புரியும்.

அடுத்த முறை வைகையில் வெள்ளம் வரும்போது, ஆற்றில் எறியும் ஒரு பிளாஸ்டிக் பை எங்கே போய்ச் சேரும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். அங்கே ஒரு தந்தை, வயிறு நிறையக் குஞ்சுகளோடு, ஒரு புல்லை வாலால் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கும்.